பொதுமக்கள் பாவனைக்கு ஒரு தாங்கி

எங்கள் குடியிருப்புக்குத் தண்ணீர் கொண்டுவந்த மனிதர் ஒரு வள்ளல் என்று இன்றைக்கும் சிலர் சொல்கிறார்கள். அப்படிச் சொல்பவர்களில் முதல் ஆள் என் வீட்டுக்காரர். நான் அந்தத் தண்ணீரைக் குடித்தவள். அதில் சோறு ஆக்கினேன், பிள்ளைகளைக் குளிப்பாட்டினேன். நல்ல தண்ணீர்தான். அதைத் தந்தவரைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை சொல்லத்தான் எனக்கு வாய் வருவதில்லை.

நாங்கள் படுவான்கரை ஆட்கள். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே வயலும் பற்றைக்காடுமாகக் கிடக்கிற பக்கம் அது. சண்டை எங்கள் வாசலுக்கே வந்துவிட்ட ஒரு வருடம், விதைக்க வேண்டிய வயல்வட்டையை அப்படியே விட்டுவிட்டுத் தோணியேறிக் கிழக்குக் கரைக்கு வந்தோம். தோணியில் என் தையல் மெஷினுக்கு இடம் வேண்டுமென்று நான் ஒற்றைக் காலில் நின்றதால், வீட்டுக்காரர் தன் கலப்பையை விட்டுவிட்டு வர நேர்ந்தது. அதை அவர் இன்றைக்கும் மறக்கவில்லை. ஆனால் இந்தக் கரையில் எங்களுக்குச் சோறு போட்டது தையல் மெஷின்தான்.

எங்களைப்போலக் கொள்ளைச் சனம் வந்து சேர்ந்தது. பள்ளிக்கூடங்களிலும் உறவினர் வீட்டுத் தாழ்வாரங்களிலும் சுருண்டு கிடந்தோம். அந்த நேரத்தில்தான் முதலாளி எங்கள் வாழ்க்கையில் நுழைந்தார். டவுனில் அவருக்கு இரும்புக்கடை இருந்தது. ஆரையம்பதிக்கும் தேற்றாத்தீவுக்கும் நடுவில், பிரதான வீதியிலிருந்து வாவிக்கரைவரை நீளமாக ஓடுகிற ஒரு தென்னந்தோட்டத்தை அவர் வாங்கினார். அதன் பழைய சொந்தக்காரர் வெளிநாடு போகிற அவசரத்தில் இருந்தார். மற்றவர்களின் அவசரத்தை மோந்து பிடிக்கிற மூக்கு முதலாளிக்கு இருந்தது. மரங்களைப் பாதிக்குமேல் தறித்தார். நடுவில் பாதைக்கு ஒரு ஒழுங்கை விட்டார். இரண்டு பக்கமும் கயிறு பிடித்துக் காணியைத் துண்டு துண்டாக்கினார். பிறகு, வீடிழந்து வந்த சனத்தைத் தேடிப் பள்ளிக்கூடங்களுக்கே வந்தார்.

அவர் பேச்சை முதல் தடவை கேட்டது இன்னும் நினைவிருக்கிறது. வகுப்பறையின் நடுவில் வந்து நின்று பேசினார். வெள்ளைச் சேர்ட், வெள்ளைக் காற்சட்டை, கையில் ஒரு கைலேஞ்சி. வியர்க்காத முகத்தை அடிக்கடி துடைத்துக்கொண்டார்.

"நீங்க அகதி இல்ல. அந்தச் சொல்ல நான் விரும்புறல்ல. நீங்க என்ட புதிய ஊர்ர சொந்தக்காரர். அங்க பள்ளிக்கூடம் வரும், கடை வரும், ஆசுப்பத்திரி வரும். நான் இரிக்கன்."

வீட்டுக்காரரின் கண் கலங்கிவிட்டது. நான் அந்த மனிதரின் செருப்பைப் பார்த்தேன். சனம் படுத்துக் கிடந்த பாயின்மேல் செருப்போடு நின்றுகொண்டு சொந்தக்காரர் என்றார்.

ஆனாலும் வாங்கினோம். வேறு வழி இருக்கவில்லை. என் சீதன நகை அந்தத் துண்டுக் காணிக்குள் போனது. ஒழுங்கையின் நடுப்பகுதியில் எங்கள் துண்டு. பக்கத்துத் துண்டில் ஒரு அக்கா, வாவியில் இறால் பிடிக்கிறவர்களிடம் வாங்கித் தலையில் சுமந்து விற்கிறவர். கத்தோலிக்கர், புருசனை இழந்தவர், யாருக்கும் பயமில்லாத வாய். நான் அவரை மீன்கார அக்கா என்றுதான் கூப்பிட்டேன்.

குடிசை போட்டதும் கிணறு தோண்டினோம். அப்போதுதான் தெரிந்தது, அந்தக் காணி ஏன் அதுவரை தென்னைக்கு மட்டும் விடப்பட்டிருந்தது என்று. வாவிக்கரைப் பக்கமாக எங்கே தோண்டினாலும் உவர்த் தண்ணீர். சோறு வேகாது, பருப்பு அவியாது, சவர்க்காரம் நுரைக்காது. தலையில் ஊற்றினால் மயிர் கயிறுபோல முறுகியது. குடிக்கிற தண்ணீருக்குப் பிரதான வீதியைத் தாண்டிக் கடற்கரைப் பக்க மணல்மேட்டுக்குப் போக வேண்டும். அங்கே நல்ல தண்ணீர்க் கிணறுகள் இருந்தன. ஆனால் அவை அந்த ஊர்க்காரரின் வளவுகளுக்குள் இருந்தன. முதலில் முகம் மலர்ந்து தந்தார்கள். ஒழுங்கை நிறையச் சனம் பிளாஸ்டிக் கானும் குடமுமாக வரத் தொடங்கியதும் படலையைச் சாத்தினார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அவர்கள் யாருக்கும் காணி விற்கவில்லையே.

முதலாளியிடம் போய்க் கேட்டோம். அவர் ஆச்சரியப்பட்டதுபோல நடித்தார். காணி வாங்குமுன் அவர் அந்தத் தோட்டத்துத் தண்ணீரை வாயில் வைத்துப் பார்க்கவில்லை என்று நம்ப நான் என்ன குழந்தையா? ஆனால் உண்மையில் அவருக்கும் தலையிடி வந்திருந்தது. தோட்டத்தின் பாதித் துண்டுகள் இன்னும் விற்கப்படாமல் கிடந்தன. பார்க்க வருகிற சனம் கிணற்றில் ஒரு கை அள்ளிக் குடித்துவிட்டு, துப்பிவிட்டுத் திரும்பிப் போனது. போதாததற்கு உள்ளூர்ச் சபையும், தண்ணீருக்கு வழி செய்யாமல் மிச்சக் காணியைத் துண்டாட அனுமதி தரமுடியாது என்று சொல்லிவிட்டது. சபைக்குத் தேர்தல் நடக்காத காலம் அது. பொறுப்பாக ஓர் அதிகாரி இருந்தார். அவர் வாழ்க்கையிலேயே சட்டப்படி சொன்ன ஒரே சொல் அதுவாகத்தான் இருக்கும். அதையும் முதலாளி தனக்கு லாபமாக மாற்றிக்கொண்டார்.

மணல்மேட்டில் பெரிய கிணறு, மோட்டார், வீதியோரம் உயரமான கொங்கிறீட் தண்ணீர்த் தாங்கி, அங்கிருந்து ஒழுங்கை நெடுக வாவிக்கரைவரை பைப், இடைக்கிடையே பொதுக் குழாய்கள். எல்லாம் தன் சொந்தச் செலவில் என்று அறிவித்தார். சனம் அவரைக் கும்பிட்டது. ஒரு கிழவர் காலைத் தொடக் குனிந்தார். முதலாளி தடுக்கவில்லை.

சீமெந்துக்கும் இரும்புக் கம்பிக்கும் பைப்புக்கும் அனுமதி வேண்டியிருந்த நாட்கள் அவை. சோதனைச் சாவடிகளைத் தாண்டி ஒரு லொறி சீமெந்து கொண்டுவருவது சாதாரண ஆளால் ஆகிற வேலையில்லை. பொதுத் தேவை, குடிநீர் என்று சபை எழுதிக் கொடுத்தால் மட்டும் தடையில்லாமல் வந்தது. வந்தது. லொறி லொறியாக வந்தது.

என் வீட்டுக்காரருக்கு அந்தத் தாங்கி வேலையில் மேசனுக்கு உதவியாளாகக் கூலி கிடைத்தது. ஒரு பின்னேரம் உடம்பெல்லாம் சீமெந்துத் தூளோடு வந்து, சாப்பிட உட்கார்ந்தவர் தானாகச் சிரித்தார்.

"என்ன சிரிப்பு?" என்று கேட்டேன்.

"மனிசன்ட மூளையப் பாரு புள்ள. இண்டைக்கு வந்த லொறியில பாதிய நம்மட தாங்கியடியில இறக்கினாங்க. மிச்சம் நேரா வாவிக்கரைக்குப் போயிற்றுது. அங்க என்னமோ கட்டப் போறாராம். கெட்டிக்காரன் கா அவரு!"

"அது தண்ணிக்கெண்டு வந்த சீமெந்தெல்லோ?"

"தண்ணிக்கும் கட்டுறாருதானே. நமக்கென்ன குறை?"

அவருடைய கோப்பையில் சோற்றைப் போட்டுவிட்டு எழும்பிப் போய்விட்டேன். ஏமாற்றுகிறவனைவிட, ஏமாந்துகொண்டே அவனைப் புகழ்கிறவனைப் பார்க்கத்தான் எனக்கு வயிறு எரிந்தது. அதிலும் அந்த ஆள் என் வீட்டுக்குள்ளேயே இருந்தார்.

தாங்கி மெல்ல வளர்ந்தது. வாவிக்கரைக் கட்டடம் விரைவாக வளர்ந்தது. தாங்கியின் கால்கள் வரைபடத்தில் இருந்ததைவிட ஒல்லியாக வந்தன என்று மேசனே சொன்னார். ஒழுங்கையின் அந்தக் கடைசியில் வீடொன்றும் இல்லாமல் பைப்பை ஏன் அவ்வளவு தூரம் இழுக்கிறார்கள் என்று நாங்கள் யோசித்துக்கொண்டிருந்தோம். தூண்கள் எழும்பி, முகப்பில் இரண்டு சீமெந்து யானைகள் தும்பிக்கை தூக்கி நின்றபோது விளங்கியது. கலியாண மண்டபம். தண்ணீரைப் பார்த்தபடி மேடை, பெரிய சாப்பாட்டுக்கூடம், மொட்டை மாடியில் தனியாக ஒரு தாங்கி. சண்டை நடக்கிறபோதும் சனம் கலியாணம் செய்துகொண்டுதான் இருந்தது. டவுனுக்குப் போய்வரப் பயந்தவர்களுக்கு இது வசதி. முதலாளியின் மூக்கு மூக்குத்தான்.

தாங்கியின் திறப்பு விழாவுக்குப் பெயர்க்கல்லை மூடுவதற்குத் திரை தைக்கும் வேலை என்னிடம் வந்தது. பச்சை வெல்வெட், ஓரத்தில் மஞ்சள் குஞ்சம். கல்லின் அளவு எடுக்கப் போனபோது எழுத்துகளைப் படித்தேன். முதலாளியின் பெயர் பெரிதாக, சபை அதிகாரியின் பெயர் அதற்குக் கீழே, எல்லாவற்றுக்கும் அடியில் சிறிய எழுத்தில் "பொதுமக்கள் பாவனைக்கு" என்று வெட்டியிருந்தார்கள்.

விழாவில் பேச்சு நீண்டது. அதிகாரி முதலாளியைப் பகீரதன் என்றார். முதலாளி அதிகாரியைக் கர்ணன் என்றார். வெயிலில் நின்ற சனம் இருவருக்கும் கைதட்டியது. பிறகு முதலாளி குழாயைத் திறந்தார். முதலில் காற்று சீறியது, பிறகு செம்மண் நிறமாக ஒரு துப்பல், பிறகு பளிங்குபோலத் தண்ணீர். நான் கையில் ஏந்திக் குடித்தேன். படுவான்கரையை விட்டு வந்தபிறகு தொண்டைக்கு இதமாக இறங்கிய முதல் தண்ணீர் அது. எனக்குப் பக்கத்தில் நின்ற மீன்கார அக்கா அழுதுவிட்டார். அந்த ஒரு மணி நேரம் நானும் அந்த மனிதரை வெறுக்கவில்லை. சொல்லத்தான் வேண்டும்.

தண்ணீர் வந்ததும் குடியிருப்பு பொலிந்தது. மிச்சத் துண்டுகள் விற்றுத் தீர ஆரம்பித்தன. முன்னால் துப்பிவிட்டுப் போனவர்களே திரும்பி வந்து இரட்டை விலைக்கு வாங்கினார்கள். ஓலைக்குடிசைகள் கல்வீடுகளாகின. ஒரு பலசரக்குக் கடை, ஒரு சைக்கிள் திருத்துகிற கடை, மரத்தடியில் ஒரு பாலர் வகுப்பு. எனக்கும் தையல் வேலை கூடியது. கத்தரியும் மிளகாயும் வீட்டுக்கு வீடு காய்த்தன.

அது மண்டபம் திறக்கும்வரைதான். திறந்த பிறகு குழாய்களில் தண்ணீர் மெலிந்தது. கலியாணம் உள்ள நாட்களில் வெள்ளாப்பில், விடிகிற நேரம், கொஞ்சம் வரும், பிறகு நூல்போலச் சொட்டும். மண்டபத்துக்குப் பொறுப்பாக ஓர் ஆளை வைத்திருந்தார்கள். எல்லாரும் அவரை ஓவசியர் என்றார்கள். அவர் சைக்கிளில் ஒழுங்கை நெடுக வந்து பெண்களை ஏசுவார்.

"எல்லாரும் ஒரேயடியாப் பைப்பத் திறந்து வச்சா எங்கட மேல் தாங்கிக்குத் தண்ணி எப்பிடி ஏறும்? மூடுங்க! மண்டபத்துத் தாங்கி நிரம்பின மறுகா நீங்க புடிங்க!"

"எங்கட குடம் எப்ப நிரம்புற?" என்று அக்கா கேட்பார்.

"அதெனக்குத் தெரியாது. ஆர்ர தண்ணியக் குடிக்கிறீங்க எண்டு யோசிச்சுக் கதைங்க."

எங்கள் குழாய்களை மட்டும் தனியாகப் பூட்டுவதற்கு ஒரு வால்வு போட்டிருந்தால் அந்த ஆளுக்கு இவ்வளவு சைக்கிள் ஓட்டம் தேவைப்பட்டிராது. வால்வு வாங்கப் பணமில்லாமலா? அந்த இரும்பும் மண்டபத்துக்குப் போயிருந்தது. பைப் முழுவதற்கும் தாங்கியடியில் ஒரே ஒரு வால்வு. அதைப் பூட்டினால் மண்டபமும் காய்ந்துபோகும்.

நாங்கள் சில பெண்கள் சேர்ந்து சபைக் கந்தோருக்குப் போனோம். வெயிலில் வெகுநேரம் நிறுத்திவைத்துவிட்டு அதிகாரி கூப்பிட்டார். உட்காரச் சொல்லவில்லை. நாங்கள் சொன்னதைக் கேட்டுவிட்டு, மேசையிலிருந்த பேனாவை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உருட்டினார்.

"அது தனியார் ஒருவர் செய்த உதவி. அதில சபை எப்பிடித் தலையிடுற? நீங்கதான் அனுசரிச்சுப் போகணும்."

"கல்லில உங்கட பேரும் இரிக்கே ஐயா," என்றேன்.

"அது மரியாதைக்குப் போட்டது."

இப்படி ஒரு பதிலைச் சொல்ல அந்த மனிதர் வெட்கப்படவே இல்லை. எங்களை அனுப்பிவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு மண்டபத்துக்குத்தான் போனார். அன்றைக்கு அங்கே யாருக்கோ கலியாணம்.

அடுத்து முதலாளியின் கடைசி மகளுக்கே அந்த மண்டபத்தில் கலியாணம் வந்தது. டவுனிலிருந்தும் கல்முனையிலிருந்தும் பெரிய மனிதர்கள் வரப்போகிறார்கள் என்று ஒழுங்கைக்குப் புது மணல் போட்டார்கள். எங்கள் வேலிகளில் காய்ந்த உடுப்புகளை எடுக்கச் சொன்னார்கள். குடியிருப்பில் யாருக்கும் அழைப்பில்லை. ஆண்களைக் கதிரை அடுக்கவும் விறகு பிளக்கவும் கூப்பிட்டார்கள். என் வீட்டுக்காரர் அதற்கும் சேர்ட்டை நீலம் போட்டுத் தோய்த்துத் தரச் சொன்னார். முதல்நாள் பின்னேரம் ஓவசியர் சைக்கிளில் வந்தார்.

"நாளைக்கு ஒருத்தரும் பைப்பில கை வைக்கப் படாது. வெள்ளாப்பில இருந்து பொழுதுபடுற வரைக்கும். முதலாளிர கட்டள."

"நாளைக்கு முழுக்க நாங்க குடிக்கிறல்லயா?" என்றார் மீன்கார அக்கா.

"உவர்க் கிணறு இரிக்குதானே. ஒரு நாளைக்குச் செத்தா போயிருவீங்க?"

அவர் சைக்கிளை மிதித்துப் போனார். அக்கா இறால் கூடையை நிலத்தில் வைத்துவிட்டு என் பக்கம் கிறுகினார்.

"என்னகா, அந்தக் கல்லுல நம்மளப் பத்தி என்னமோ எழுதியிரிக்கெண்டு சொன்னாயே. திருப்பிச் சொல்லு பாப்பம்."

"பொதுமக்கள் பாவனைக்கு."

"நாமதானே அது?"

"நாமதான்."

"அப்ப நாளைக்குப் பாவிப்பம்," என்றார்.

அதற்குமேல் கூட்டமோ திட்டமோ எதுவும் இருக்கவில்லை. வேலிக்கு மேலால் வீடு வீடாகச் சொல் போனது. எப்படிச் செய்வதென்று எங்களுக்கு யாரும் கற்றுத்தர வேண்டியிருக்கவில்லை. ஓவசியர்தான் இத்தனை மாதமாக ஏசி ஏசிச் சொல்லித் தந்திருந்தாரே.

கலியாணத்தன்று காலை நாதஸ்வரச் சத்தம் கேட்கத் தொடங்கியதும் நாங்கள் குழாயடிக்குப் போனோம். ஒழுங்கையில் இருந்த எல்லாக் குழாய்களும் திறந்தன. குடம், கான், பெரல், பெரிய சட்டி, கிடாரம், எது நிரம்புமோ அது. நிரம்பியதை வீட்டில் ஊற்றிவிட்டு மறுபடி வந்தோம். கிழமைக் கணக்காகச் சேர்ந்திருந்த அழுக்கு உடுப்பைத் தோய்த்தோம். பிள்ளைகளை வரிசையாக இருத்தித் தலை முழுக வார்த்தோம். கத்தரிக்கு வாய்க்கால் வெட்டி விட்டோம். ஒரு சொட்டையும் வீணாகத் தரையில் விடவில்லை. அதில் அக்கா கண்டிப்பாக இருந்தார். "நாசமாக்கினா அது அவருர புத்தி. நாம பாவிக்க வந்திரிக்கம்," என்றார்.

ஓவசியர் வந்தார், கத்தினார், ஒரு குழாயைப் பூட்டினார். அவர் அடுத்த குழாய்க்குப் போகுமுன் முதலாவது திறந்தது. இப்படி மேலும் கீழுமாக ஓடிவிட்டு, வியர்த்து வழிய மண்டபத்துக்குத் திரும்பினார்.

முதல் பந்திக்குத் தண்ணீர் இருந்தது. மாடித் தாங்கியை முந்திய நாளே நிரப்பியிருந்தார்கள். இரண்டாம் பந்தி எழும்பும்போது கைகழுவுகிற இடத்தில் குழாய்கள் காற்றை ஊதின. சமையற்கட்டில் பெரல்களில் தண்ணீர் இருந்ததாம், சமையற்காரர் தரமாட்டேன் என்றுவிட்டார். அடுத்த பந்திக்குச் சோறு வடிக்க வேண்டும் அவருக்கு.

சற்று நேரத்தில் ஒழுங்கையின் வாவிக்கரைப் பக்கமிருந்து ஊர்வலம்போலச் சனம் வந்தது. பட்டுச் சேலைகளும் பட்டு வேட்டிகளும். எல்லாருடைய வலது கையும் குழம்பும் பாயாசமும் ஒட்டி, உடம்பிலிருந்து விலக்கி, தூக்கிப் பிடித்தபடி இருந்தது. வாழ்நாள் முழுவதும் கைக்குத் தண்ணீர் ஊற்ற ஆள் வைத்திருந்தவர்கள் எங்கள் குழாயடியில், ஈரத் துணிகளுக்கு நடுவில், எங்கே நிற்பதென்று தெரியாமல் முழித்தார்கள். நான் சிரிக்கவில்லை. சிரிப்புக்கூட அவர்களுக்கு அதிகம் என்று பட்டது.

எங்கள் குழாய்க்கு வந்தவர் சபை அதிகாரி. முழுக்கைச் சேர்ட்டை முழங்கைவரை மடித்திருந்தார்.

"கொஞ்சம் விலகுங்க, கை கழுவணும்."

"வரிசை இரிக்கி ஐயா," என்றார் மீன்கார அக்கா. "அந்தா, அந்தப் புள்ளைக்குப் பின்னால நில்லுங்க."

"நான் ஆரெண்டு தெரியுமா?"

"தெரியாமயா? உங்கட கந்தோர் வாசல்ல வெயிலுக்குள்ள நிண்ட ஆக்கள்தானே நாங்க."

அவர் என்னைப் பார்த்தார். நான் கையிலிருந்த துணியைப் பிழிந்தேன்.

"அனுசரிச்சுப் போகணும் ஐயா," என்றேன்.

அவர் போகவில்லை. கோபித்துக்கொண்டு போகிற அளவுக்கு முதுகெலும்பு இருந்தால் அவர் ஏன் அப்படி ஓர் அதிகாரியாக இருக்கப்போகிறார்? வரிசையில் நின்றார். கை காய்ந்து, சோறு தோலில் ஒட்டி வெடிக்கும்வரை நின்றார். அவர் முறை வந்தபோது அக்கா செம்பில் அள்ளி மரியாதையாக ஊற்றினார்.

அதற்கிடையில் மணப்பெண்ணின் தோழி ஒருத்தி கேத்திலோடு ஓடிவந்தாள். "அக்கா, பொம்புளைக்குக் குடிக்கத் தண்ணி இல்ல. காலையில இருந்து ஒண்டும் சாப்பிடல்ல, தலை சுத்துதாம்," என்றாள். வரிசை தானாகப் பிளந்தது. யாரும் யாரையும் கேட்கவில்லை. அக்கா கேத்திலைக் கழுவி நிரப்பி, "மெல்லக் குடிக்கச் சொல்லு புள்ள," என்று கொடுத்தார். அந்தப் பெண் எங்களுக்கு என்ன செய்தாள், பாவம். தகப்பனைத் தெரிந்தெடுத்தா பிறந்தாள்?

அப்புறம் முதலாளியே வந்தார். சந்தனப் பொட்டு வியர்வையில் கரைந்து மூக்குவரை வழிந்திருந்தது. அவருக்குப் பின்னால், கதிரை அடுக்கப் போன எங்கள் ஆண்கள். என் வீட்டுக்காரரும் நின்றார், நீலம் போட்ட சேர்ட்டில், கையில் வெறும் வாளியோடு.

"பூட்டுங்க எல்லாத்தையும்! இது என்ட தண்ணி. நான் போட்ட பைப். என்ட தண்ணியக் குடிச்சிற்று என்ட புள்ளைர கலியாணத்திலயே..."

மூச்சு வாங்கியது அவருக்கு. யாரும் குழாயைப் பூட்டவில்லை. என் வீட்டுக்காரர் என் பக்கத்தில் வந்து தாழ்ந்த குரலில் சொன்னார்.

"பூட்டு புள்ள. மானம் போகுது."

"ஆர்ர மானம்?" என்று கேட்டேன்.

முதலாளியிடம் நானே பேசினேன். அவர் முகத்தைப் பார்த்து அன்றுவரை நான் பேசியதில்லை. "முதலாளி, இது பொதுமக்கள் பாவனைக்கெண்டு நீங்கதான் கல்லு வெட்டி வச்சிரிக்கீங்க. நாங்க குடிக்கிறம், தோய்க்கிறம், புள்ளைகளக் குளிப்பாட்டுறம். உங்கட ஆக்களும் வந்து கழுவுறாங்க. ஒருத்தருக்கும் இல்லயெண்டு சொல்லல்ல. நீங்களும் கழுவுறெண்டா வரிசையில வாங்க."

அவர் சுற்றிப் பார்த்தார். சம்பந்திமார் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர்களுக்கு முன்னால் பெண்களை அடிக்கவும் முடியாது, கெஞ்சவும் முடியாது. வாயை இரண்டு தடவை திறந்தார். ஒன்றும் வரவில்லை, அவருடைய மண்டபத்துக் குழாயைப்போல. திரும்பி நடந்தார். எங்கள் ஆண்கள் அவருக்குப் பின்னாலேயே நடந்தார்கள். அவர்களுக்காகத்தான் எனக்கு வெட்கமாக இருந்தது.

மறுநாள் காலையில் ஓவசியர் ஸ்பேனரோடு வந்து, எல்லாக் குழாய்களையும் கழற்றிப் பைப்புக்கு அடைப்புப் போட்டுவிட்டுப் போனார். இனிமேல் ஒரு சொட்டும் இல்லை என்று முதலாளியின் உத்தரவு. நாங்கள் மறுபடியும் மணல்மேட்டு வளவுகளுக்குக் கானோடு நடந்தோம். வீட்டுக்காரர் நாள் முழுக்க, "சொன்னேனே, சொன்னேனே," என்று முனகிக்கொண்டிருந்தார். மீன்கார அக்காவை ஒழுங்கையில் சிலர் ஏசவும் செய்தார்கள். இருந்ததையும் கெடுத்தவள் என்றார்கள். அவர் இறால் கூடையைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு, "தாகம் எடுத்தா வாய மூடிக்கொண்டிருங்க, மிச்சமாகும்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

மாதம் கழிவதற்குள் முதலாளியின் வேன் ஒழுங்கைக்குள் வந்தது. காணி பார்க்க யாரோ குடும்பத்தைக் கூட்டி வந்திருந்தார். விற்கப்படாத துண்டுகள் இன்னும் சில இருந்தன. அந்தக் குடும்பத்துப் பெண் எங்கள் வேலியடியில் நின்று, "தண்ணி எப்பிடி அக்கா?" என்று கேட்டாள். நான் அடைப்புப் போட்டிருந்த பைப்பைக் காட்டினேன். அவள் போய்த் தன் புருசனிடம் சொன்னாள். புருசன் முதலாளியிடம் ஏதோ சொன்னான். வேன் திரும்பிப் போனது. அதற்குப் பிறகு வந்த இன்னொரு குடும்பமும் அப்படித்தான் போனது.

அந்தக் கிழமையே ஓவசியர் அதே ஸ்பேனரோடு வந்து குழாய்களைத் திரும்பப் பொருத்தினார். இந்தத் தடவை ஏசவில்லை. எங்கள் குழாய்களில் புதுப் பித்தளை மின்னியது. மண்டபத்துக்கென்று தனியாக மணல்மேட்டில் ஒரு குழாய்க்கிணறும் மோட்டாரும் பைப்பும் கொஞ்சக் காலத்தில் வந்தன. எங்கள் தாகத்துக்கும் கண்ணீருக்கும் அசையாத மனிதர், விற்காத காணிக்கு அசைந்தார். அவரிடம் நான் எதிர்பார்த்ததும் அவ்வளவுதான். அதிலும் அவர் என்னை ஏமாற்றவில்லை. துண்டுகளெல்லாம் விற்று முடிந்த அன்றைக்கே தாங்கியைச் சபையிடம் ஒப்படைத்துவிட்டு, மோட்டார் திருத்துகிற செலவிலிருந்து தப்பித்துக்கொண்டார். அதற்கும் பேச்சு வைத்தார்கள். நான் போகவில்லை.

பிறகு சண்டை நின்றது, மறுபடி தொடங்கியது. வாகரைப் பக்கமிருந்து இடம்பெயர்ந்த சனம் வந்தபோது யானைகள் நின்ற அந்த மண்டபத்திலும் கொஞ்சப் பேரைத் தங்கவைத்தார்கள். முதலாளி கொழும்பில் இருந்தார். தான் மண்டபம் தந்ததாகப் பத்திரிகையில் படம் போட்டுக்கொண்டார் என்று கேள்விப்பட்டேன். கதவின் பூட்டை உடைத்தது எங்கள் ஒழுங்கைப் பெண்கள்தான் என்று பத்திரிகைக்காரருக்கு யார் சொல்லப்போகிறார்கள்?

அவர் கொழும்பிலேயே செத்துப்போனார். ஒழுங்கை முகப்பில் கண்ணீர் அஞ்சலிப் பதாகை கட்டினார்கள். குடிநீர் தந்த வள்ளல், குடியிருப்பின் தந்தை என்று என்னென்னவோ எழுதியிருந்தது. கயிறு கட்ட ஏணியில் ஏறியவர் என் வீட்டுக்காரர். டவுனுக்குக் கொண்டுவந்து வைத்திருந்த பிரேதத்தைப் பார்க்க ஒரு வேன் போனது. அவர் குளித்து, சேர்ட் மாற்றிக்கொண்டு வந்து வாசலில் நின்றார்.

"நீ வரல்லியா? எல்லாரும் போறாங்க."

"பள்ளிக்கூடச் சட்டை வெட்டி வச்சிரிக்கன். பின்னேரம் குடுக்கணும்," என்றேன்.

"நமக்குத் தண்ணி தந்த மனிசன் புள்ள."

"போயிற்று வாங்க," என்று சொல்லிவிட்டு மெஷினை மிதித்தேன். பக்கத்து வளவில் மீன்கார அக்கா இறால் கழுவுகிற சத்தம் கேட்டது. அவரும் போகவில்லை.